நெஞ்சு வலி வந்தால் முதலில் எது, அடுத்து எது: கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாரடைப்போடு நிறையப் பேர் வருவார்கள். இப்போது ஊர் ஊராகப் போய் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன்.

வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க?" பதிலைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டால், சாலையில் போனது ஒரு மணி நேரமாக இருக்கும். வீட்டில் போனது மூன்று, நான்கு மணி நேரமாக இருக்கும். சோடா குடித்துப் பார்த்த நேரம், அண்ணனுக்குப் போன் போட்ட நேரம், எந்த ஆஸ்பத்திரி என்று பேசிய நேரம். அந்த நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் வீணாகும் அந்த நேரத்தைக் குறைக்கத்தான் இந்த வரிசை. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று தனியாகச் சொன்னது ஏதாவது இருந்தால், அதற்கே முதல் இடம்.

1. வலி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர், பீடி சிகரெட் பிடிப்பவர், ஏற்கெனவே ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வைத்தவர் என யாராவது வீட்டில் இருந்தால், ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

பை. ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய ஈசிஜி. இதில் பழைய ஈசிஜியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு ஈசிஜி எப்போதுமே கொஞ்சம் மாறித்தான் இருக்கும். இன்று தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். பழையது இல்லாவிட்டால் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பிரின். சாதாரண ஆஸ்பிரின் ஓர் அட்டை, அந்தப் பைக்குள்ளேயே இருக்கட்டும். எவ்வளவு, எப்படி என்பது மூன்றாம் பகுதியில்.

எந்த ஆஸ்பத்திரி. இதைப் பகலில், நிதானமாக, போனில் விசாரித்து எழுதி வையுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: இருபத்திநான்கு மணி நேரமும் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அறை) இயங்குமா, ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் ஆஞ்சியோ (அடைப்பு எங்கே என்று ரத்தக்குழாயைப் படம் பிடிப்பது) செய்ய மருத்துவர் வருவாரா, காப்பீட்டு அட்டை செல்லுமா. போர்டில் இதயத்தின் படம் இருக்கும் இடத்திலெல்லாம் கேத் லேப் இருக்காது. இதோடு, வீட்டுக்கு மிகப் பக்கத்தில் ராத்திரியிலும் ஈசிஜி எடுக்கும் அரசு மருத்துவமனை எது என்றும் எழுதுங்கள்.

வழி. நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இது தனிச் சிக்கல். தார் ரோட்டிலிருந்து கிளுவை வேலிக்கு நடுவே இட்டேரியில் அரை மைல் உள்ளே வர வேண்டும். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் சக்கரம் புதைந்துவிடும். "மூன்றாவது மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இடது பக்கம்" என்று சொன்னால் வெளியூர் ஓட்டுநருக்கு எதுவும் புரியாது. தார் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை, கோயிலோ பால் சொசைட்டியோ, முடிவு செய்து வையுங்கள். அந்த இடத்தின் லொக்கேஷனை வீட்டில் எல்லோருடைய செல்போனிலும் சேமித்து வையுங்கள். கேட் சாவி எங்கே தொங்குகிறது, நாயை யார் கட்டுவது என்பது வரைக்கும் பேசி வைத்துவிடுங்கள். நாய் குரைக்கிறதென்று வண்டியை விட்டு இறங்காமல் நின்ற ஓட்டுநரைப் பற்றி ஒரு குடும்பம் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது. அவர் மேல் தப்பில்லை.

ஆள். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தும் முறை வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் எதற்கென்றால், ஒருவரால் இரண்டு நிமிடத்துக்கு மேல் சரியான ஆழத்தில் அழுத்த முடியாது.

2. இது மாரடைப்புதானா என்று பார்ப்பது

நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம். அது இடது தோளுக்கோ, இரண்டு கைக்குமோ, கழுத்துக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவும். கூடவே குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல். பெரும்பாலும் நோயாளி விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார். கை முழுவதையும் நெஞ்சில் வைத்து, "இங்க பூராப் புடிக்குதுங்க" என்பார்.

இது எளிதான வகை. தவறவிடுவது மற்ற வகைகளைத்தான்.

சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வரலாம். வெறும் மூச்சிரைப்பு, திடீர்ச் சோர்வு, காரணமில்லாத வியர்வை, அவ்வளவுதான். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி வருவது சாதாரணம். பல்லடம் பக்கத்துத் தறிக் குடோனில் வேலை செய்த ஓர் அம்மா, தாடை வலி என்று இரண்டு நாள் பல்வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தார். வலி நடந்தால் வந்தது, உட்கார்ந்தால் போனது. பல்வலி அப்படி வராது. அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் இரண்டு நாள் முன்பே வந்திருப்பார்.

மேல் வயிற்று வலி இன்னொரு குழி. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு வயிற்று எரிச்சல் மாதிரியே இருக்கும், வாந்தியும் வரும். "வாயுப் புடிப்புங்க, ஏப்பம் விட்டாச் சரியாப் போயிருங்க" என்ற வார்த்தையை நான் கேட்காத வாரம் இல்லை. ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும்.

நான் சொல்லிக்கொடுக்கும் அளவுகோல் இதுதான்: தாடையிலிருந்து தொப்புள் வரைக்குமான பகுதியில் புதிதாக ஒரு வலியோ அழுத்தமோ வந்து, ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், ஈசிஜி எடுக்கிற வரைக்கும் அது இதயம்தான். கூடவே வியர்வையோ மூச்சிரைப்போ இருந்தால் அந்தப் பத்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

3. முதல் ஐந்து நிமிடம்: இந்த வரிசையில்

முதலில் உட்கார வையுங்கள். சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, பாதி சாய்ந்த நிலையில். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள், "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாலும் தனியாக விடாதீர்கள். நடந்தால் இதயத்துக்கு வேலை கூடும், அடைபட்ட பகுதியின் ரத்தத் தேவையும் கூடும். மூச்சு வாங்கினால் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், நுரையீரலில் நீர் ஏறியிருந்தால் படுத்ததும் திணறிவிடுவார்.

இரண்டாவது, 108. முதல் வாக்கியமே "நெஞ்சு வலி, வியர்க்குது, வயசு அறுபது" என்று இருக்கட்டும். பிறகு தார் ரோட்டு அடையாளம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த வேலையைப் பாருங்கள். உறவினருக்குப் போன் செய்வது இதற்குப் பிறகுதான். என் அனுபவத்தில் அதிகம் தலைகீழாவது இந்த இடம்தான். முதலில் சித்தப்பாவுக்கு, அப்புறம் மச்சானுக்கு, கடைசியில்தான் 108.

மூன்றாவது, ஆஸ்பிரின். மொத்தம் சுமார் 300 மில்லிகிராம் வர வேண்டும். 75 என்று போட்டிருந்தால் நான்கு, 150 என்றால் இரண்டு, 325 என்றால் ஒன்று. மென்று விழுங்கச் சொல்லுங்கள். இது முக்கியம். பல ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு வயிற்றைக் காக்க மேல்பூச்சு உண்டு. அப்படியே விழுங்கினால் கரைந்து வேலை செய்ய வெகுநேரமாகும். மென்றால் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாதவர்கள்: அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், அது சாப்பிட்டால் இளைப்பு வருபவர், ரத்த வாந்தியோ கருப்பு மலமோ போகிறவர், ஒரு பக்கம் கை கால் விழுந்தவர் அல்லது பேச்சு குழறுபவர். நெஞ்சிலிருந்து முதுகுக்குத் துணியைக் கிழிப்பது போல ஒரே வீச்சில் வந்த வலி என்றாலும் கொடுக்க வேண்டாம், அது பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிசலாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் 108-இல் பேசுபவரிடம் கேளுங்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை, ஏற்கெனவே மருத்துவர் எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாமாவின் மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவருக்கும், இதயத்தின் வலது அறை பாதிக்கப்பட்டவருக்கும் அது அழுத்தத்தை இன்னும் சாய்த்துவிடும். ஆண்மை மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் ஆபத்து. சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் கொடுக்கக் கூடாது. மகன் முன்னால் இதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவார்கள், அதனால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

நான்காவது, ஒருவர் டார்ச்சோடு பைக்கில் தார் ரோட்டு முனைக்குப் போகட்டும். இன்னொருவர் பையை எடுக்கட்டும், கதவு கேட்டெல்லாம் திறக்கட்டும்.

செய்யக் கூடாதவை: சோடா, இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சாப்பாடு. வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போகும், ஆஞ்சியோ மேசையிலும் வயிறு காலியாக இருப்பது நல்லது. சாதாரண வலி மாத்திரை, வலி ஊசி வேண்டாம், டைக்ளோஃபினாக் போன்றவை இதயத்துக்குக் கெடுதல். மிளகாய்த்தூள் தண்ணீர் கொடுத்தால் அடைப்பு திறக்கும், பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். இருமல் எந்த அடைப்பையும் திறக்காது.

4. மயங்கி விழுந்துவிட்டால்

மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத் துடிப்பின் தாளம் சிதறிப்போவதுதான். இதயம் துடிக்காமல் நடுங்கும், ரத்தம் நகராது. நெஞ்சை அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தொடங்கிவிடுங்கள். நாடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே உங்களுக்குத் தெரியும். இரண்டு இடங்களில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒன்று, குறட்டை மாதிரி எப்போதாவது ஒரு தடவை இழுக்கும் மூச்சு. "மூச்சு இருக்குதுங்க" என்று நிறுத்திவிடுவார்கள். அது மூச்சுக் கணக்கில் சேராது. இன்னொன்று, விழுந்ததும் கை கால் சில விநாடி வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். மூச்சைப் பாருங்கள், இல்லையென்றால் அழுத்துங்கள்.

கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ இருந்தால் முதலில் தரைக்கு இறக்குங்கள். கட்டிலில் அழுத்தினால் கயிறுதான் கீழே போகும், நெஞ்சு அமுங்காது. ஒரு வீட்டில் மகன் இருபது நிமிடம் கட்டிலின் மேலேயே அழுத்தியிருக்கிறான். அந்தப் பையன் முகத்தை நினைத்துத்தான் ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். மற்ற கையை அதன் மேல் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல் உடம்பின் எடை இறங்கட்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், அப்போதுதான் இதயத்துக்குள் மறுபடி ரத்தம் நிரம்பும். சத்தமாக எண்ணுங்கள், வேகம் தப்பாது. விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள், எலும்பு ஆறிவிடும்.

வாயோடு வாய் மூச்சுக் கொடுக்கப் பழகியவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். பழகாதவர் அழுத்துவதை மட்டும் விடாமல் செய்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆலையிலோ மில்லிலோ ஏஇடி கருவி (மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது) இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள், அதைத் திறந்ததும் அதுவே என்ன செய்வதென்று பேசி வழிகாட்டும்.

5. எங்கே போவது

இதைத்தான் நிறுத்திப் படிக்கச் சொல்வேன்.

மாரடைப்பில் ரத்தக்கட்டியால் அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கேத் லேபில் பலூனும் ஸ்டென்ட்டும் வைத்துத் திறப்பது. இன்னொன்று, அந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி: டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்றவை. ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைத்துக் குழாயைத் திறந்துவிட முடியும் என்றால் கேத் லேபுக்கே போகலாம். முடியாதென்றால் பக்கத்து மருத்துவமனையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு பெரிய இடத்துக்குப் போவதுதான் சரி. அங்கே 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வார்கள். ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் வரை கொடுப்பது உண்டு, ஆனால் நேரமாக ஆகப் பலன் குறையும்.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கு வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், கோவை அதற்கும் அப்பால். மலை மேலேயே இருக்கும் அரசு மருத்துவமனையில் முதலில் ஈசிஜி எடுத்துவிட்டு இறங்குவதா, வண்டியில் ஏற்றி நேரே கோவையா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, முதலில் ஈசிஜிதான். திம்பத்தின் 27 வளைவைத் தாண்டி வர வேண்டிய தாளவாடிக்காரருக்கும், அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருப்பவருக்கும் இதே கணக்குதான். பெருந்துறையிலோ அவிநாசியிலோ நான்குவழிச் சாலை ஓரத்தில் இருப்பவருக்குக் கணக்கு வேறு.

சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, பெரிய மையத்துக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே 2,420 நோயாளிகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். கோவை மருத்துவர் ஒருவர் முன்னின்று செய்த ஆய்வு. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். "சின்ன ஆஸ்பத்திரியில என்னங்க பண்ணுவாங்க" என்று கேட்பவருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஊசி போடும் வசதி இல்லாத இடத்திலும் பயன் உண்டு. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் வேளை மருந்தாக 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் நான்கு, கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் எட்டு. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அங்கே சொல்லிவிடுங்கள்.

வண்டி விஷயம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்றவரும் இருப்பார்கள், வழியில் துடிப்பு நின்றால் அங்கேயே பார்க்கலாம். காரில் பின்சீட்டில் நெஞ்சை அழுத்தவே முடியாது. ஆனால் ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகும் என்று சொல்லி, ஈசிஜி எடுக்கும் இடம் பத்து நிமிடத்தில் இருந்தால், காரிலேயே அந்தப் பத்து நிமிடத் தூரத்துக்குப் போங்கள். நோயாளி ஓட்டக் கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள்.

ஊரில் இருக்கும் கிளினிக்கில் வாயுவுக்கு ஓர் ஊசி போட்டுவிட்டு "காலைல பாத்துக்கலாம்" என்று திரும்பாதீர்கள். மஞ்சள் விவசாயி ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு வலி வந்து, ஊசி போட்டு, தூங்கி, விடிகாலை ஐந்துக்கு எங்களிடம் வந்தார். பிழைத்தார். ஆனால் இதயத்தின் முன்சுவர் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரால் தன் காட்டை ஒரு சுற்று நடந்து வர முடியவில்லை.

6. மருத்துவமனைக்குள் நுழைந்ததும்

டோக்கன் வரிசையில் நிற்காதீர்கள். "நெஞ்சு வலி" என்று சத்தமாகச் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் எதுவும் தெரியாமல் அரை மணி கழித்துத் தெரிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வலி இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். அது இதயத் தசையில் இருக்கும் புரதம், தசை சேதமாகி ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும், அதனால் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்ப்பார்கள்.

ஊசி போடுவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். மூளையில் எப்போதாவது ரத்தக் கசிவு வந்ததா, சமீபத்தில் பக்கவாதம், ஆபரேஷன், தலையில் அடி ஏதாவது உண்டா. அந்த ஊசி உடம்பில் எங்கே ரத்தக்கட்டி இருந்தாலும் கரைக்கும், ஆறாத புண்ணிலும் ரத்தம் கசிய வைக்கும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் முன்பு ஒருமுறை போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்கும் என்பதால் அதையே மறுபடி போட மாட்டார்கள்.

ஊசி போட்ட பின் 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுப்பார்கள். குழாய் திறக்கவில்லை என்று தெரிந்தால் அப்போதே ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். "ஊசி போட்டாச்சு" என்று குடும்பம் டீ குடிக்கப் போய்விடும், கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். ஒருவர் எப்போதும் வாசலிலேயே இருங்கள்.

கையெழுத்து. "மாமா தாராபுரத்துல இருந்து வந்துட்டு இருக்காருங்க, வந்துரட்டுங்க" என்பதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும். யார் முடிவெடுப்பது என்பதை அந்த முதல் சாயங்காலத்திலேயே பேசி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகளோ எடுக்கலாம்.

7. முதல் வாரத்தில் வரக்கூடிய சிக்கல்கள்

குழாய் திறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நாட்களில்தான் இவை வரும். உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டிய அறிகுறியோடு சொல்கிறேன்.

தாளக் கோளாறு: படபடப்பு, கண் இருட்டல், மயக்கம். முதல் இரண்டு நாள் மானிட்டரை மாட்டி வைப்பது இதற்காகத்தான். தொந்தரவாக இருக்கிறதென்று ஒயரைக் கழற்றிவிடாதீர்கள். அடிப்பகுதி மாரடைப்பில் துடிப்பு 30, 40 என்று இறங்கலாம். துடிப்பைத் தூண்டும் தற்காலிக பேஸ்மேக்கர் வைப்பார்கள், பலருக்குச் சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

இதயம் பம்ப் செய்யத் திணறுவது: படுத்தால் மூச்சு முட்டும், நுரையோடு இருமல் வரும். கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கினால் அது மிகக் கடுமையான நிலை. சிறுநீர் அளவைக் குறித்து வைக்கச் சொல்வது இதற்காக. பாட்டிலில் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் எங்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது.

தசை கிழிவது: அரிது. செத்த தசை மிருதுவாகும் முதல் வாரத்தில், நன்றாக இருந்தவருக்குத் திடீரென மூச்சு முட்டி ரத்த அழுத்தம் விழும். அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதமாக வந்தவர்களிடம்தான் அதிகம் பார்த்தேன்.

இதயத்துக்குள் ரத்தக்கட்டி: முன்சுவர் பெரிதாகப் பாதித்தவர்களுக்கு, துடிக்காத இடத்தில் ரத்தம் தேங்கி உறையும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். எக்கோ எனும் இதய ஸ்கேனில் கட்டி தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்கச் சுமார் மூன்று மாதம் மாத்திரை தருவார்கள்.

இதய உறையில் அழற்சி: மூச்சை இழுத்தால், படுத்தால் குத்தும். முன்னால் குனிந்தால் குறையும். சிலருக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு வரும். பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும், ஆனால் அதை வீட்டிலிருந்தே நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

8. இனி எப்படி இருப்பார்? டிஸ்சார்ஜுக்கு முன் கேட்க வேண்டியவை

"நல்லாயிருவாருங்களா?" என்று கேட்டால் "நல்லாயிருவார்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்தக் குழாயில் அடைப்பு இருந்தது, மற்ற குழாய்களில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா, அதற்கு என்ன திட்டம், எக்கோவில் இ.எஃப். எவ்வளவு.

இ.எஃப். என்பது ஒரு துடிப்பில் இதயம் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. 55-க்கு மேல் இயல்பு. யாருக்கும் 100 இருக்காது, அதனால் 55 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் "பாதி இதயம் போச்சு" என்று கலங்க வேண்டாம். 40-க்குக் கீழே போனால் இதயச் செயலிழப்புக்கான மருந்துகள் கட்டாயம்.

முதல் வாரத்து எண்ணை வைத்து வாழ்க்கையைக் கணக்குப் போடாதீர்கள். ரத்தம் இல்லாமல் மயங்கிக் கிடந்த தசை, குழாய் திறந்த பிறகு சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். 35 இருந்தவர் 48 ஆனதைப் பார்த்திருக்கிறேன். 6 முதல் 12 வாரத்தில் மறுபடி எக்கோ எடுக்க வேண்டும். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழே என்றால், திடீர் மரணத்தைத் தடுக்க ஐசிடி என்ற கருவியைப் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள். அந்த இரண்டாவது எக்கோவுக்குத்தான் நிறையப் பேர் வருவதே இல்லை, "இப்ப நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று.

மற்றபடி, போக்கைத் தீர்மானிப்பவை: வயது, சர்க்கரை, சிறுநீரகம், எவ்வளவு சீக்கிரம் குழாய் திறந்தது, அதற்குப் பிறகு பீடியை விட்டாரா.

9. வீட்டுக்கு வந்த பிறகு

மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலோ டிகாக்ரிலரோ பொதுவாக ஒரு வருடம். புதிய ஸ்டென்ட் அந்நியக் கம்பி, அதன் மேல் சதை மூடும் வரை ரத்தம் அங்கே உறையப் பார்க்கும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், அந்த மாரடைப்பு முதல் மாரடைப்பைவிட மோசம். பல் பிடுங்க வேண்டும், கண் ஆபரேஷன் என்று யார் நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். "கஷாயத்துலயே அடைப்பு கரைஞ்சிரும்" என்று சொல்பவரை நம்பி நிறுத்தியவர்களை நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன். சுற்றம் சொந்தம் வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். கொழுப்பு அளவு சரியாக வந்துவிட்டதென்று நிறுத்தினால் மறுபடி ஏறும். அது குழாயில் இருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்காமலும் காக்கிறது.

எடை. இ.எஃப். குறைந்தவர் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்துக் காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சமையலில் குறைத்துவிட்டு ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

நடை. முதல் வாரம் ஐந்து நிமிடம், இரண்டு வேளை, சமதரையில். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். மண்வெட்டி, தேங்காய் மூட்டை, கிணற்று மோட்டாரைத் தூக்குவது எல்லாம் மருத்துவர் சொன்ன பிறகு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டுதல் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். வேண்டுதலை விடச் சொல்ல மாட்டேன். எக்கோ பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகு அடுத்த தைப்பூசத்துக்கு நடங்கள்.

மனம். வேலைக்குப் போகாமல் கட்டிலிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால், பேச்சு குறைந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வரும், அதற்கும் சிகிச்சை உண்டு.

10. மறுபடி வலி வந்தால்

உட்காருங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் ஒரு சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108, மூன்றாம் பகுதியின் வரிசை. "போன தடவ மாதிரி இல்லைங்க, லேசாத்தான் இருக்குது" என்பது காத்திருக்கக் காரணம் ஆகாது.

முதலில் சொன்ன பைக்குள் டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்டென்ட் அட்டை, கடைசியாக எடுத்த ஈசிஜி மூன்றையும் சேர்த்துவிடுங்கள். ஈசிஜி தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும், அதனால் நகல் எடுத்து, செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பிரின் அட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுங்கள். பையைப் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில், ராத்திரி விளக்கில்லாமலும் கை போய் எடுக்கிற உயரத்தில் தொங்கட்டும்.